பைலட்

வசந்த் விஹார். டிசம்பர். மாலை நாலு மணி.
வேலைக்கு வராமலேயே
வீட்டுக்குப் போய்விட்டது வெயில்.

"அணைஞ்சு அணைஞ்சு போகுது" என்கிறார் மிஸஸ் சூரி,
சொன்ன பேச்சு கேட்காத பிள்ளையைப் பற்றிப்
பள்ளிக்கூடத்தில் வந்து சொல்வதுபோல.

விறகெல்லாம் பீங்கான்.
பட்டை, கணு, ஓரிடத்தில் கோடரி விழுந்த வெட்டு,
அதையும் அச்சில் வார்த்திருக்கிறார்கள்.
அஞ்சு வருடமாக எரிகிறது
ஒரு பிடி சாம்பல் தராமல்.

முதலில் வால்வை மூடவேண்டும்.
பிறகு சும்மா உட்காரவேண்டும்.
கண்ணாடி ஆறுமுன் கை வைத்தவனின் தழும்பு
என் இடது உள்ளங்கையில் இருக்கிறது.
வேலைக்குச் சேர்ந்து அப்போது பதினோரு நாள்.

டீ வந்தது. குடித்தேன். கழற்றினேன்.
கண்ணாடியின் உட்புறம் கரி,
விரலில் எடுத்தால் கண்மை.
மூச்சுத் திணறுகிற நெருப்புதான் இப்படி எழுதும்.

பர்னர் குழாய்க்குள் ஒரு சிலந்திக்கூடு,
பஞ்சு உருண்டை மாதிரி.
கோடையெல்லாம் யாரும் வராத வீடு கிடைத்தால்
நானும் கட்டியிருப்பேன்.
மெல்லிய பிரஷ்ஷால் எடுத்து
பால்கனித் தொட்டியில் விட்டேன்.

அப்புறம் தெர்மோகப்பிள்.
சுண்டுவிரல் அளவு தண்டு, அதற்கு ஒரே வேலை,
"இருக்கியா? இருக்கியா?" என்று
சுடரைக் கேட்டுக்கொண்டே இருப்பது.
பதில் வராவிட்டால் வாசலை அடைத்துவிடும்.
அழுக்கேறிப் போனால்
எதிரே எரிவதையும் நம்பாது.
எமரித்தாளால் இரண்டே இழுப்பு, போதும்.

வால்வைத் திறந்து
மூட்டுகளில் சோப்பு நுரை தடவினேன்.
குமிழ் இல்லை.
குமிழை அழுத்திப் பிடித்து எண்ணுகிறேன்.
இந்தியில் தொடங்கினால்
இருபதைத் தாண்டும்போது தமிழுக்கு வந்துவிடுவேன்.
முப்பது. கையை எடுத்தேன்.
நீலமாய் நின்றது.

போயிருக்கலாம்.
பணம்கூட எண்ணி வைத்துவிட்டார்.
ஆனால் ஜன்னல் விளிம்பெல்லாம் பழுப்பு டேப்.
வெளியே காற்றின் எண் நானூற்று அறுபது,
மூலையில் சுத்திகரிப்பு மெஷின் முனகுகிறது.
வெளிச்சுவரின் துவாரத்துக்கும் டேப்,
தூசி வருகிறதென்று பெயின்டர் போட்டதாம்.

சுவரில் அலாரம். திறந்தேன். பேட்டரி இல்லை.
"டிவி ரிமோட்டில் இருக்கு.
ராத்திரியெல்லாம் கத்திக்கிட்டே இருந்தது."

எப்போதிலிருந்து, மேடம்?

"தீபாவளி முடிஞ்சதிலிருந்து."

தலைவலி உண்டா?

"மைக்ரேன். டாக்டர்…"
நிறுத்திக்கொண்டார்.

என் இந்தி சின்னது.
அதற்கு வாசம் கிடையாது என்றேன்.
முதலில் தலை, பிறகு தூக்கம்,
நல்ல தூக்கம் என்றேன்.
ரிமோட்டை எடுத்துவந்து
அவரே பின்மூடியைத் திறந்தார்.
ஒரு பேட்டரி உருண்டு சோபாவுக்கு அடியில் போயிற்று.
இரண்டு பேரும் மண்டியிட்டுத் தேடினோம்.

டேப்பை நான் உரித்தேன்.
கொஞ்சம் பெயின்ட்டும் கூடவே வந்தது.
பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
எண்ணூறு ரூபாய் பில்லில்
இதற்கு வரி கிடையாது.

இறங்கும்போது இருட்டிவிட்டது.
கேட்டில் தகரக் கூண்டு,
உள்ளே தர்பங்காக்காரர் ராம்பிரவேஷ்,
காலடியில் இரும்புச் சட்டி நிறையக் கரிக்கங்கு,
கதவு இறுக்கிச் சாத்தியிருந்தது.
தட்டினேன்.
"குளிருது பாய்" என்றார் பாதித் தூக்கத்தில்.
எனக்கும்தான் குளிருகிறது.
சட்டைப்பையிலிருந்த டேப் உருண்டையைக்
கதவிடுக்கில் செருகிவிட்டு நடந்தேன்.

பஸ் ஸ்டாப் போவதற்குள் எடுத்துவிடுவார், தெரியும்.
திரும்பிப் பார்த்தேன்.
மூடுபனியில் கேட் இல்லை, வீடு இல்லை.
விரல் அகலத்துக்குச் சிவப்பாக ஒரு கோடு.
பஸ் வரும்வரை
அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்,
இருக்கியா, இருக்கியா என்று.